அர்த்தம் கேட்கும் ஆசாமிகளுக்கு

முதல்லயே சொல்லிடறேன். இது கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோபம். டீ வாங்கிட்டு வந்து உட்காருங்க.

சென்ட்ரலுக்கு ரயிலில் வந்த எல்லாருக்கும் எங்க ஏரியா தெரியும். ராத்திரி முழுக்க ஓடி வந்த வண்டி, சென்ட்ரல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பெருமூச்சு விட்டு நிற்குமே. பெட்டியெல்லாம் இறக்கி வாசல் பக்கம் வைத்துக்கொண்டு "இன்னும் எவ்ளோ நேரம்யா போடுவான்" என்று திட்டுவீர்களே. அந்த இடம்தான் பேசின் பிரிட்ஜ். வெளியூர்க்காரர்களிடம் திட்டு வாங்கியே வளர்ந்த இடம்.

ஆனால் எங்களுக்கும் ஒரு பெருமை உண்டு. ரயில்வே கணக்கில் ராயபுரத்துக்குச் சுருக்கம் ஆர்.பி.எம். கொருக்குப்பேட்டைக்கு கே.ஓ.கே. பேரில் இருக்கிற எழுத்துகளையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பேசின் பிரிட்ஜ் ஜங்ஷனுக்கு என்ன தெரியுமா? பி.பி.க்யூ. பேரில் எங்கேயும் இல்லாத ஒரு க்யூ எங்களுக்கு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. அதுவும் பின்னால் யூ இல்லாத க்யூ! ஸ்கிராபிள் ஆடுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். மற்றவர்களுக்குக் கீழே சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

போன செமஸ்டரில் ஒரு கல்லூரியின் கல்ச்சுரல்ஸுக்குப் போயிருந்தோம். எந்தக் கல்லூரி என்று சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். 'வேர்ட் கேம்ஸ்' என்று ஒரு போட்டி, டீமுக்கு இரண்டு பேர். நானும் என் வகுப்புத் தோழன் ஒருவனும் பேர் கொடுத்திருந்தோம். அவன் தண்டையார்பேட்டை. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் முதல் வாக்கியத்திலேயே வேர்த்துப் போகும். ஆனால் எழுத்துகளைக் கொட்டி வார்த்தை பிடி என்றால் அசுரன். ஒரு வருஷமாக நோட்டுப் போட்டு எழுதிப் படித்தவன்.

மூன்றாவது சுற்று. ஐந்து நிமிடத்தில் க்யூ வருகிற வார்த்தைகளை எழுத வேண்டும், ஆனால் க்யூவை அடுத்து யூ வரக் கூடாது. பக்கத்து மேஜையில் இராக், கத்தார் என்று நாடுகளாக எழுதினார்கள். பெயர்ச்சொல் செல்லாது என்று அடித்துவிட்டார்கள். இன்னொரு மேஜையில் எஃப், ஏ, க்யூ என்று மூன்றெழுத்தில் ஒன்று எழுதியிருந்தார்கள். வெப்சைட்டுகளில் 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்று போடுவார்களே, அது. ஸ்கிராபிள் அகராதியில் அது இப்போது முழு வார்த்தை. செல்லும் என்று டிக் போட்டார்கள். பெரும்பாலான டீம்களுக்கு மூன்று, நான்கு வார்த்தைதான் தேறியது.

எங்கள் தாளில் 14. அதில் என் பங்கு இரண்டு :-). மீதி பன்னிரண்டும் அவன் கை. சீ, கத், காதி, காயித், கோஃப், கிப்லா, கனாத், கோர்மா, ஃபகீர், நிகாப், புர்கா, தலாக், வக்ஃப், கவ்வாலி. எல்லாவற்றிலும் க்யூ இருக்கிறது, எதிலும் அதன் பின்னால் யூ கிடையாது. எல்லாம் காலின்ஸ் ஸ்கிராபிள் பட்டியலில் இருக்கிற வார்த்தைகள்.

நடுவர் தாளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். "கனாத் என்றால் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. "கோஃப்?" தெரியவில்லை. "கவ்வாலி?" அது தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் சொல்ல வாய் வரவில்லை. தமிழில் ஆரம்பித்தான், "இன் இங்கிலீஷ் ப்ளீஸ்" என்றார். மண்டபம் சிரித்தது. "மனப்பாடம் பண்ணிட்டு வர்றது இந்த கேமோட ஸ்பிரிட் இல்லை" என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்து, 'அர்த்தம் தெரிந்த' வார்த்தைக்கு மட்டும் மார்க் போட்டார். நாங்கள் வெளியே.

தோற்றதில் வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் கோபம் அதைப் பற்றி இல்லை. அந்த எஃப்.ஏ.க்யூ மேஜையிடம் யாரும் அர்த்தம் கேட்கவில்லை. மற்ற எந்த மேஜையிடமும் கேட்கவில்லை. எங்களிடம் மட்டும்தான் கேட்டார்கள்.

நான் காமர்ஸ் மாணவன். ஆடிட்டிங் பேப்பரில் சொல்லித் தருவது ஒன்று நினைவுக்கு வருகிறது. எல்லா வவுச்சரையும் பார்க்க முடியாது, சாம்பிள் எடுத்துப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அந்த சாம்பிளை எப்படி எடுப்பது என்பதற்கு ஒரு முறை வேண்டும். முகத்தைப் பார்த்து 'இவன் லெட்ஜரை மட்டும் பிரி' என்றால் அதற்குப் பேர் ஆடிட் இல்லை.

நிற்க. நடுவர் செய்தது பாரபட்சம் என்பதோடு நிறுத்திக்கொண்டால் இது வெறும் புலம்பல். எனக்கு அதைவிடப் பெரிய வழக்கு ஒன்று இருக்கிறது. எல்லாரிடமும் சமமாக அர்த்தம் கேட்டிருந்தாலும்கூட அந்தக் கேள்வியே தப்பு என்பதுதான் என் கட்சி. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. விளையாட்டின் சட்டம் என்ன சொல்கிறது?

ஸ்கிராபிளைக் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரட் பட்ஸ், அமெரிக்கர், கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போய் உட்கார்ந்திருந்தவர். எந்த எழுத்து எவ்வளவு தடவை வருகிறது என்று நியூயார்க் டைம்ஸ் மாதிரி பத்திரிகைகளை வைத்துக்கொண்டு எண்ணினார். அப்படி எண்ணித்தான் எத்தனை 'ஈ', எத்தனை 'ஏ', எதற்கு எத்தனை புள்ளி என்று முடிவு செய்தார். 1938இல் உருவான அந்த விளையாட்டுக்கு 1948இல் ஸ்கிராபிள் என்று பேர் வைத்து விற்றவர் ஜேம்ஸ் புரூனோ.

மொத்தம் 100 கட்டைகள். அதில் 'ஈ' மட்டும் 12. 'ஏ'வும் 'ஐ'யும் ஒன்பது ஒன்பது. 'க்யூ' ஒன்றே ஒன்று, 'இசட்' ஒன்றே ஒன்று, இரண்டுக்கும் தலா 10 புள்ளி. ஆக இந்த விளையாட்டின் அஸ்திவாரமே எண்ணிக்கைதான். எது அபூர்வமோ அதற்கு விலை அதிகம். முதல் வருஷம் எகனாமிக்ஸில் படிக்கிற அதே கதை.

(சும்மா ஒரு யோசனை. பட்ஸ் நியூயார்க்கில் உட்கார்ந்து பத்திரிகையை எண்ணியதற்குப் பதிலாக மண்ணடியில் உட்கார்ந்து ஆங்கில போர்டுகளை எண்ணியிருந்தால் க்யூவுக்கு 10 புள்ளி கிடைத்திருக்குமா? ரஃபீக், இஷாக், சாதிக் என்று தெருவுக்கு நாலு க்யூ கிடைக்குமே!)

போட்டி ஸ்கிராபிளில் அர்த்தம் சொல்ல வேண்டும் என்று விதியே கிடையாது. நீங்கள் வைத்த வார்த்தை தப்பு என்று எதிராளி நினைத்தால் சவால் விடலாம். பட்டியலில் பார்ப்பார்கள். இருந்தால் செல்லும், இல்லாவிட்டால் கட்டைகளை எடுத்துக்கொண்டு அந்த முறையைக் கோட்டை விட வேண்டும். வார்த்தை சரியாக இருந்துவிட்டால், தப்பாகச் சவால் விட்டவருக்குச் சர்வதேசப் போட்டிகளில் பொதுவாக ஐந்து புள்ளி அபராதம். கவனியுங்கள், அங்கே அபராதம் கட்டுவது சந்தேகப்பட்டவர். எங்கள் மண்டபத்தில் சந்தேகப்பட்டவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

2. நைஜல் ரிச்சர்ட்ஸ் என்ற மனிதர்

'அர்த்தம் தெரியாமல் வார்த்தை தெரிந்து என்ன பிரயோஜனம்' என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் ஒரே பதில் இந்த மனிதர்தான். நியூஸிலாந்தில் பிறந்தவர், மலேசியாவில் குடியேறியவர். ஆங்கில ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை ஐந்து முறை வென்றவர்: 2007, 2011, 2013, 2018, 2019.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை. 2015இல் இவர் பெல்ஜியத்தில் நடந்த பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் போட்டிக்குப் போனார். பிரெஞ்சு பேசத் தெரியாது. சுமார் ஒன்பது வாரம் பிரெஞ்சு வார்த்தைப் பட்டியலை உட்கார்ந்து படித்துவிட்டுப் போய்ப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பிரெஞ்சிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் எதிரில் உட்கார்ந்து தோற்றார்கள். ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டம் எனலாம். 2018இல் பிரெஞ்சில் மறுபடியும் ஜெயித்தார். 2024இல் ஸ்பெயினின் கிரானடா நகரத்தில் ஸ்பானிய மொழிப் பட்டமும் வென்றார். ஸ்பானிஷும் பேசத் தெரியாது!

எங்கள் நடுவர் அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "இதுக்கு அர்த்தம் சொல்லுங்க, பிரெஞ்சில் சொல்லுங்க" என்று கேட்டு, உலக சாம்பியனை முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

இவர் ஒருத்தர் மட்டும் இல்லை. ஆங்கில உலகப் பட்டத்தை 2003இல் வென்றவர் தாய்லாந்தின் பனுபோல் சுஜ்ஜயகோர்ன். 2009இல் வென்றவரும் தாய்லாந்துக்காரர்தான், பகோர்ன் நெமித்ர்மன்சுக். 2015இல் நைஜீரியாவின் வெலிங்டன் ஜிகேரே வென்றார், ஆப்பிரிக்காவுக்கு முதல் பட்டம். ஆங்கிலேயர் ஒருநாளும் ஆளாத தாய்லாந்தில் இருந்து இரண்டு உலக சாம்பியன்கள் வரலாம், தண்டையார்பேட்டையில் இருந்து ஒரு கல்ச்சுரல்ஸ் சாம்பியன் வரக் கூடாதா?

3. 'மனப்பாடம்' என்று கேவலமாகச் சொல்கிறீர்களே, அது என்ன என்று தெரியுமா?

இதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஸ்கிராபிளில் உங்கள் கையில் ஏழு கட்டை. ஏழையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி போனஸ். ஆட்டமே பெரும்பாலும் அந்த ஐம்பதில்தான் இருக்கிறது. அதற்கு என்ன செய்ய வேண்டும்? கலைந்து கிடக்கிற எழுத்துக் குவியலைப் பார்த்ததும் அதற்குள் இருக்கிற வார்த்தை தெரிய வேண்டும்.

நம்மாள் நோட்டில் இடது பக்கம் வார்த்தை இருக்காது, எழுத்துகள் மட்டும் அகர வரிசையில் இருக்கும். உதாரணமாக ஏ, ஈ, ஐ, என், ஆர், டி. வலது பக்கத்தை மடித்து மூடி வைத்திருப்பான். இடது பக்கத்தைப் பார்த்து வலது பக்கத்தைச் சொல்ல வேண்டும். இந்த ஆறு எழுத்துக்கு 'ரீட்டெயின்' என்றும் வரும், 'ரெட்டினா' என்றும் வரும். இதோடு ஏழாவதாக ஓர் எஸ் சேர்ந்தால் என்னென்ன, டி சேர்ந்தால் என்னென்ன என்று பக்கம் பக்கமாக ஓடும். பெரிய ஆட்டக்காரர்களும் பெரும்பாலும் இப்படித்தான் படிக்கிறார்கள். இணையத்தில் எழுத்தைப் போட்டால் வார்த்தை தரும் தளங்கள் இருக்கின்றனவே, அவற்றின் உள்ளேயும் அடிப்படையில் நடப்பது இதே வேலைதான்: எழுத்துகளை வரிசைப்படுத்து, பட்டியலோடு ஒப்பிடு.

அப்புறம் சின்ன வார்த்தைகள். காலின்ஸ் பட்டியலில் இரண்டெழுத்து வார்த்தைகள் மட்டும் 120க்கு மேல். அத்தனையும் விரல் நுனியில் இருக்க வேண்டும். அதற்கப்புறம் எங்கே வைப்பது, எதை மிச்சம் வைத்துக்கொள்வது, பையில் என்ன பாக்கி இருக்கிறது என்ற கணக்கு. இவ்வளவையும் ஒருத்தன் வேலைக்கும் காலேஜுக்கும் நடுவில் ஒரு வருஷம் செய்தால் அதற்குப் பேர் உழைப்பு. செஸ்ஸில் ஓப்பனிங் மனப்பாடம் பண்ணினால் 'பிரிப்பரேஷன்' என்கிறீர்கள். சென்னையே அதில் பெருமைப்படுகிறது. வார்த்தையில் பண்ணினால் மட்டும் 'மக் அப்'பா?

4. இது நமக்குப் புதுசா என்ன?

கோபத்தின் நடுவில் கொஞ்சம் தமிழும் பேசிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பிட்ட எழுத்துள்ள சொல்லைத் தேடிப் பிடிப்பதற்காகவே நம்மவர்கள் நூல் செய்து வைத்திருக்கிறார்கள். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் பகுதி. அதில் சொற்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன தெரியுமா? எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்துப்படி. ஏனென்றால் செய்யுள் எழுதுகிறவனுக்கு இரண்டாம் எழுத்து ஒன்றாக வரும் சொற்கள்தான் அவசரமாகத் தேவை. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் இதைத் தலைகீழாக ஒப்பித்தார்கள். முதலில் நாக்கில் ஏறும், அர்த்தம் பிறகு மெதுவாக வந்து சேரும். வீரமாமுனிவர் 1732இல் செய்த சதுரகராதியில் நாலு பகுதிகள். அதில் ஒன்று தொடையகராதி, அதுவும் எதுகைக்குச் சொல் தேடத்தான். இன்றைக்கு இணையத்தில் இருக்கிற 'வேர்ட் ஃபைண்டர்'களின் தாத்தா என்று தாராளமாகச் சொல்லலாம்.

வேண்டாத எழுத்தை விலக்கி விளையாடும் விளையாட்டும் உண்டு. உதடு ஒட்டாமல், குவியாமல் பாட வேண்டும் என்பது நிரோட்டம். ப, ம, வ கிடையாது. உ, ஊ, ஒ, ஓ, ஔ கிடையாது. 17ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாசர் திருச்செந்தூர் முருகன் மேல் ஒரு அந்தாதியே இப்படிப் பாடியிருக்கிறார். ஒரு புலவரோடு வாது வைத்து, போட்டிக்காகப் பாடினார் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. காளமேகம் 'த' வரிசை எழுத்துகளை மட்டும் வைத்துப் பாடியது எல்லாருக்கும் தெரியும்.

'அதெல்லாம் அர்த்தமுள்ள பாட்டு, உங்க ஆள் எழுதினது வெறும் லிஸ்ட்' என்று நீங்கள் சொல்ல வருவது கேட்கிறது. நியாயமான கேள்வி. பாட்டு மொழியில் செய்வது. அதற்கு அர்த்தம் கட்டாயம் வேண்டும். ஆனால் அந்தப் பாட்டைச் செய்ய அவர்கள் கையில் வைத்திருந்த கருவி என்ன? நிகண்டு. அதாவது லிஸ்ட். நான் அவனைக் காளமேகம் என்று சொல்லவில்லை. நினைவாற்றலை மதித்த ஊர் இது என்றுதான் சொல்கிறேன். 1907இல் செய்குத்தம்பிப் பாவலர் ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்துப் பதில் சொல்லி சதாவதானி என்று பேர் வாங்கியது எங்கே? விக்டோரியா ஹாலில். எங்கள் பேசின் பிரிட்ஜிலிருந்து ஒரே ஸ்டேஷன், சென்ட்ரலில் இறங்கினால் எதிரில்.

5. யாருடைய வார்த்தை, யாருக்கு அர்த்தம் தெரியாது?

எங்கள் 14 வார்த்தைகளை இன்னொரு தடவை பாருங்கள். ஃபகீர், புர்கா, நிகாப், தலாக், வக்ஃப், கிப்லா, கவ்வாலி, கோர்மா. யூ இல்லாத க்யூ எங்கிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது? பெரும்பாலும் அரபு, பாரசீகம், உருது வழியாக. ராயபுரத்திலும் மண்ணடியிலும் பாதிச் சொற்கள் தினசரிப் பேச்சில் இருக்கின்றன. வக்ஃப் என்ற சொல் சட்டத் திருத்தத்தால் 2025 முழுக்கப் பேப்பரில் ஓடியது. தொழும்போது எந்தத் திசை பார்ப்பார்கள் என்று அவனைத் தமிழில் கேட்டிருந்தால் கிப்லாவுக்கு ஒரு பக்கம் விளக்கம் சொல்லியிருப்பான். அவன் வீட்டுக்குப் பக்கத்திலேயே பள்ளிவாசல்.

அர்த்தம் அவனுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அர்த்தம் சொல்லத்தான் தெரியாது. இரண்டும் ஒன்று என்று நினைப்பதுதான் நம் காலேஜ்களின் வியாதி.

இதில் இன்னொரு வேடிக்கை. சுருட்டு ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனது. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனது. அணைக்கட்டு 'அனிகட்' ஆனது. கஞ்சி 'காஞ்சி' ஆனது. இட்லியும் தோசையும் பட்டியலில் நேராக உட்கார்ந்திருக்கின்றன. 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 'ஐயோ'வையே சேர்த்துக்கொண்டது. ஆங்கிலம் நம் வாயிலிருந்து அர்த்தம் கேட்டா வார்த்தை எடுத்தது? காதில் விழுந்ததை எடுத்துக்கொண்டது. காசிமேட்டில் வலை பின்னுகிற அண்ணனுக்குக் கட்டுமரத்தின் அர்த்தத்தை யாரும் சொல்லித் தர வேண்டாம்.

6. இப்போது நம்ம பக்கத்துக்கும் ரெண்டு அடி

எதிர்க்கட்சியை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நான் நேர்மையானவன் இல்லை.

ப்ளேஸ்மெண்ட் ட்ரெயினிங் என்ற பேரில் சிலர் வருகிறார்கள். எழுத்துக் கட்டம், கலைத்துப் போட்ட வார்த்தை, 'இசட் வருகிற பத்துச் சொல் சொல்லு' என்று இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, இதனால் உங்கள் கம்யூனிகேஷன் வளரும் என்று சொல்லிப் போகிறார்கள். இது அந்த நடுவர் செய்த தப்பின் மறுபக்கம். அவர் மொழி தெரியாதவனை விளையாட்டில் இருந்து துரத்தினார். இவர்கள் விளையாட்டையே மொழி என்று விற்கிறார்கள். ரெண்டு பேருமே எழுத்து விளையாட்டையும் மொழியையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

என் நண்பனே சாட்சி. ஆயிரக்கணக்கில் வார்த்தை தெரியும். ஆனால் 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' என்றால் இன்னமும் வேர்க்கிறது. ஒரு வருஷம் நோட்டில் செலவழித்த நேரத்தை யாரோடாவது தப்பும் தவறுமாக ஆங்கிலம் பேசிச் செலவழித்திருந்தால் இன்டர்வியூவுக்கு உதவியிருக்கும். ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட்! அதை அவனிடமும் சொல்லியிருக்கிறேன். "மச்சி, அதுக்குப் படிக்கல, இது எனக்குப் புடிச்சிருக்கு" என்றான். அதற்கு மேல் பேச எனக்கு எதுவும் இல்லை. கிரிக்கெட் ஆடுகிறவனிடம் இது வேலைக்கு உதவுமா என்று யாரும் கேட்பதில்லை.

அப்புறம் உண்மையான திருட்டு ஒன்று இருக்கிறது. அதை யாரும் கண்டுகொள்வதில்லை. மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு எழுத்தைத் தட்டி வார்த்தை எடுப்பது. இப்போது ஏஐயிடம் கேட்டால் நொடியில் பட்டியல் வருகிறது. வீட்டில் உட்கார்ந்து படிக்கும்போது இதையெல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள், அது புத்தகம் மாதிரி. ஆட்டம் நடக்கும்போது பயன்படுத்தினால் அது பிட். அன்றைக்கு அந்த ஹாலில் எல்லார் கையிலும் போன் இருந்தது. வாங்கி வைக்கவில்லை. தலையில் வைத்துக்கொண்டு வந்தவனைப் பிடித்தார்கள், பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வந்தவனை விட்டுவிட்டார்கள்.

7. சரி, என்னதான் செய்யணும்ங்கிற?

போட்டி நடத்தும் நண்பர்களுக்கு நாலு கோரிக்கை:

அ) எந்த அகராதி, எந்தப் பட்டியல் என்று முதலிலேயே அறிவியுங்கள். அதில் இருந்தால் செல்லும், இல்லையென்றால் செல்லாது. நடுவரின் சொந்த வொக்காபுலரி அளவுகோல் ஆகக் கூடாது.

ஆ) அர்த்தம் கேட்டே ஆக வேண்டுமா? அதை விதியாக முன்பே எழுதி ஒட்டுங்கள். எல்லா மேஜையிலும் கேளுங்கள். நடுவில் நினைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

இ) அர்த்தத்தைத் தமிழில் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். அர்த்தம்தானே கேட்டீர்கள், உச்சரிப்பு கேட்கவில்லையே?

ஈ) போனை வாங்கி வையுங்கள்.

இதில் ஒன்றுக்குக்கூடப் பைசா செலவில்லை.

அன்றைக்குத் திரும்பும்போது சென்ட்ரலில் லோக்கல் பிடித்தோம். ஒரே ஸ்டேஷன்தான். நான் இறங்க வேண்டும், அவன் கொருக்குப்பேட்டை வரை போக வேண்டும். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. வழக்கம்போல நடுவில் நின்றது வண்டி. போனில் ரயில் ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று சிரித்தான். திரையைக் காட்டினான். பி.பி.க்யூ. "ஏன்டா, இதுக்கு அர்த்தம் கேட்டானுங்களா எவனாவது?" என்றான்.

கனாத் என்றால் ஈரான் பக்கம் நிலத்துக்கு அடியில் தண்ணீர் கொண்டுவரும் சுரங்க வாய்க்கால். கோஃப் என்றால் ஹீப்ரு மொழியில் ஒரு எழுத்து. மறுநாள் காலையிலேயே ரெண்டையும் பார்த்து நோட்டில் எழுதி வைத்துவிட்டான். யாரும் கேட்காமலே.

பி.கு: வரும் செமஸ்டரில் வேறொரு கல்லூரியில் போட்டி இருக்கிறது. பேர் கொடுத்துவிட்டோம். இந்த முறை என் பங்கு இரண்டு வார்த்தைக்கு மேல் இருக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது :-)